பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகுமா, சுருங்கிவிடுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள், பிரபஞ்சம் இன்னும் 2000 கோடி ஆண்டில் சுருங்கி ஒரு புள்ளியாகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறாள். அதே சேனல் போன வருடம், பிரபஞ்சம் முடிவே இல்லாமல் விரிந்து, குளிர்ந்து, இருண்டுபோகும் என்று சொல்லியிருந்ததாம். எது உண்மை, அது எதற்குள் விரிகிறது, ஆளுக்கொன்று சொல்கிறார்களே, இவர்களுக்கே தெரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டும் உங்கள் கேள்விகள், கடைசிக் கேள்வி அவளுடையது என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்றில் அதுதான் கடினமானதும்கூட. அதனால் எதை எந்த அளவுக்கு உறுதியாகச் சொல்ல முடியும், ஏன் சொல்ல முடியும் என்ற வரிசையில் போகிறேன்.

நான் முனைவர் பட்டத்துக்காக ஆறு வருடம் சூப்பர்நோவாக்கள் என்ற வெடிக்கும் விண்மீன்களின் ஒளியளவுத் தரவுகளோடு மல்லுக்கட்டியவன். அப்புறம் இருபது வருடத்துக்கு மேலாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். அளக்கிற பக்கத்து ஆள். கோட்பாடு எழுதுகிற பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு. கீழே ஆக்சியான் மாதிரி கோட்பாட்டுத் துகள்கள் வரும் இடங்களில் பிறர் போட்ட கணக்கைப் படித்துச் சொல்கிறேன், நானே போட்டுப் பார்த்ததில்லை.

சுருக்கமான பதில் இது. பிரபஞ்சம் விரிகிறது என்பதில் சந்தேகம் இல்லை. அந்த விரிவு வேகமெடுத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது; மறுத்துப் பேசுகிறவர்களும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். கடைசியில் என்ன ஆகும் என்பது, இன்றைய அளவீட்டை எதிர்காலத்துக்கு நீட்டிப் போடும் கணக்கு. தொலைவிலிருந்து வரும் ஒளி பழைய ஒளி என்பதால் பிரபஞ்சத்தின் கடந்த காலத்தை நாம் கண்ணாலேயே பார்க்கிறோம். எதிர்காலத்திலிருந்து எந்த ஒளியும் வருவதில்லை. அந்த இரண்டு வீடியோவிலும் பொய் இல்லை. ஒரே மாதிரி அளவீடுகளை ஆளுக்கொரு விதமாக நீட்டியிருக்கிறார்கள், நீட்டியிருக்கிறோம் என்று மட்டும் சொல்லவில்லை.

முதலில் உறுதியான பகுதி. 1912-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள லோவல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் என்பவர் ஆந்திரமீடா என்ற பக்கத்து கேலக்ஸியின் (கேலக்ஸி என்பது கோடிக்கணக்கான விண்மீன்களின் திரள்) ஒளியை முப்பட்டகம் வழியாகப் பிரித்துப் பார்த்தார். நிறமாலையில் ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு, கைரேகை மாதிரி. ஆந்திரமீடாவின் கோடுகள் நீலப் பக்கம் நகர்ந்திருந்தன. அது நம்மை நோக்கி நொடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று கணக்கிட்டார். ஆனால் அடுத்தடுத்து அவர் பார்த்த சுருள் வடிவ கேலக்ஸிகளில் பெரும்பாலானவை சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன, அதாவது விலகிப் போய்க்கொண்டிருந்தன. அவை எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அதற்கான அளவுகோலைத் தந்தவர் ஹார்வர்டில் புகைப்படத் தகடுகளைப் பார்த்துக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த ஹென்றியெட்டா லீவிட். செஃபீட் வகை விண்மீன்கள் பிரகாசமாகி மங்கும் கால அளவைக் கொண்டு அவற்றின் உண்மையான பிரகாசத்தைச் சொல்லலாம் என்று கண்டுபிடித்தார். அதை வைத்துத்தான் எட்வின் ஹப்பிள் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் தொலைவுகளை அளந்து, எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு வேகமாக விலகுகிறது என்று 1929-ல் காட்டினார். இப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து ரஷ்யாவின் ஃபிரீட்மன் 1922-லும், பெல்ஜியத்துப் பாதிரியார் லெமைத்ர் 1927-லும் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். 2018-ல் இருந்து அதை ஹப்பிள்–லெமைத்ர் விதி என்று சொல்லும்படி சர்வதேச வானியல் ஒன்றியம் பரிந்துரைத்திருக்கிறது.

இங்கே மகளுக்குச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. ஹப்பிள் போட்ட எண் தப்பு, அதுவும் ஏழு மடங்கு தப்பு. ஒரு மெகாபார்செக் தொலைவுக்கு, அதாவது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு, நொடிக்கு 500 கிலோமீட்டர் வேகம் என்றார். இன்றைக்கு அது 70-ஐ ஒட்டி நிற்கிறது. 500-ஐ வைத்துப் பார்த்தால் பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டுதான் வரும். பூமியின் பாறைகளே அதைவிடப் பழையவை! செஃபீட்களில் இரண்டு வகை உண்டு என்பது அன்றைக்குத் தெரியாததும் இந்தத் தப்புக்கு ஒரு காரணம். எண் தப்பாக இருந்தும் விரிவு என்ற முடிவு பிழைத்தது, ஏனென்றால் அது அந்த ஒரு எண்ணை நம்பி நிற்கவில்லை.

வேறு எதை நம்பி நிற்கிறது? ஒன்று, தொலைதூர சூப்பர்நோவாக்கள் நிதானமாக மங்குகின்றன. ஒளியின் அலைநீளம் ஒன்றரை மடங்கு நீண்டு வந்தால், அந்த வெடிப்பு மங்க எடுத்துக்கொள்ளும் நாட்களும் ஒன்றரை மடங்கு நீள்கின்றன. ஒளி வழியில் எங்கோ களைத்துப்போய்ச் சிவக்கிறது, விரிவெல்லாம் இல்லை என்று சொல்கிறவர்களிடம் இதற்குப் பதில் கிடையாது. இன்னொன்று வெப்பநிலை. பிரபஞ்சம் முழுக்க நிறைந்திருக்கும் நுண்ணலைப் பின்னணி ஒளியை 1964-ல் நியூஜெர்சியில் பென்சியாஸும் வில்சனும் தற்செயலாகக் கண்டார்கள். இன்று அதன் வெப்பநிலை 2.7 கெல்வின். பிரபஞ்சம் முன்பு சிறிதாக இருந்ததென்றால் அந்த ஒளி முன்பு இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும். 2008-ல் புனேயில் உள்ள ஐயூகா என்ற வானியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஸ்ரீஆனந்தும் அவருடைய பிரெஞ்சுச் சகாக்களும், ஏறத்தாழ 1100 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வாயு மேகத்தில் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளை வெப்பமானியாகப் பயன்படுத்தி அளந்தார்கள். கணக்குப்படி 9.3 கெல்வின் இருக்க வேண்டும். அவர்களுக்கு வந்தது 9.15, பிழை வரம்பு 0.7. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். பழைய பிரபஞ்சத்துக்கு யாரோ போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்த மாதிரி.

எதற்குள் விரிகிறது? பலூன், வீங்கும் கேக் என்று எல்லோரும் சொல்லும் உவமைகள் இந்த இடத்தில்தான் காலை வாருகின்றன. நானும் ஒரு காலத்தில் வெந்தயம் போட்ட இட்லி மாவு பொங்குவதைச் சொல்லிக்கொண்டிருந்தேன், பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "சார், பாத்திரம் எங்கே?" என்றான். அதோடு விட்டுவிட்டேன். இப்போது எண்களைக் காட்டுகிறேன். 0, 1, 2, 3 என்று இரண்டு பக்கமும் முடிவில்லாமல் போகும் எண் வரிசை. ஒவ்வொன்றையும் இரண்டால் பெருக்குங்கள்: 0, 2, 4, 6. எல்லா இடைவெளியும் இரட்டிப்பாகிவிட்டது. வரிசை எதற்குள்ளும் நுழையவில்லை, யாரையும் தள்ளி இடம் பிடிக்கவில்லை, நடுப்புள்ளி என்று ஒன்றும் இல்லை. பிரபஞ்சம் முடிவற்றதா, இல்லை நம் பார்வைக்கு எட்டாத அளவுக்குப் பெரிதாக இருந்து எங்கோ வளைந்து தன்னையே தொடுகிறதா என்பது தெரியாது. நாம் பார்க்கக்கூடிய பகுதி மட்டும் எல்லாப் பக்கமும் சுமார் 4600 கோடி ஒளியாண்டு நீள்கிறது. எப்படி இருந்தாலும் அதற்கு ஒரு 'வெளியே' இருந்தாக வேண்டிய கட்டாயம் சமன்பாடுகளில் இல்லை. ஓரம் என்று எதையும் இதுவரை யாரும் பார்க்கவும் இல்லை.

விரிவு எவ்வளவு மெல்ல நடக்கிறது என்பதும் வீடியோக்களில் வராது. ஒரு வருடத்துக்கு எந்தத் தொலைவும் தன்னில் 1400 கோடியில் ஒரு பங்கு கூடுகிறது. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை இந்த விரிவு இருந்தால் வருடத்துக்கு ஒரு தலைமுடித் தடிமன் நீளும். உண்மையில் அதுகூட நீளாது. ஈர்ப்பாலோ மின்விசையாலோ கட்டுண்டு கிடக்கும் எதுவும் இந்த விரிவில் பங்கெடுப்பதில்லை: பூமியும் சூரியக் குடும்பமும் மட்டுமல்ல, பால்வீதிகூட இப்படிக் கட்டுண்டதுதான். விரிவது கேலக்ஸிக் கூட்டங்களுக்கு இடையே உள்ள வெளி. அந்தத் துளித்துளியைப் பெரிய தொலைவில் கூட்டிப் பார்த்தால் மலைக்க வைக்கும். சுமார் 1400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் கேலக்ஸிகள் ஒளியைவிட வேகமாக நம்மைவிட்டு விலகுகின்றன. இதில் ஐன்ஸ்டைனின் விதி எதுவும் மீறப்படவில்லை. அவர் போட்ட தடை, பக்கத்தில் ஒன்றையொன்று கடந்து ஓடும் பொருள்களுக்கு. இங்கே இடைவெளிதான் வளர்கிறது.

இனி கொஞ்சம் குறைந்த உறுதி. விரிவைப் பொருள்களின் ஈர்ப்பு பிடித்திழுத்து மெதுவாக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எவ்வளவு மெதுவாகிறது என்று அளக்கக் கிளம்பிய இரண்டு குழுக்கள், சால் பெர்ல்மட்டர் தலைமையில் ஒன்று, பிரையன் ஷ்மிட்டும் ஆடம் ரீஸும் இருந்த இன்னொன்று, 1998-ல் தலைகீழ் முடிவோடு வந்தன. தொலைதூர சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக, அதாவது 10, 15 சதவீதம் கூடுதல் தொலைவில் இருந்தன. கடந்த 500, 600 கோடி ஆண்டுகளாக விரிவு வேகமெடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 2011-ல் அந்த மூவருக்கும் நோபல் பரிசு.

அவர்கள் பயன்படுத்தியது ஒன்று-ஏ வகை சூப்பர்நோவா. வெள்ளைக் குள்ளன் என்ற செத்த விண்மீன், துணை விண்மீனிடமிருந்து பொருளை உறிஞ்சி, சூரியனைப் போல 1.4 மடங்கு நிறையை நெருங்கும்போது வெடிப்பது என்பது பாடப்புத்தக விளக்கம். அந்த 1.4 என்ற எல்லையின் பின்னால் இருப்பவர் நம் சுப்ரமணியன் சந்திரசேகர். 1930-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, பத்தொன்பது வயதில், இப்படி ஓர் எல்லை இருக்க வேண்டும் என்ற கணக்கைப் போட்டார். ஒரே எல்லையில் வெடிப்பதால் எல்லாம் ஏறக்குறைய ஒரே பிரகாசம். தெருவில் ஒரே வாட் பல்புகள் வரிசையாக இருந்தால் மங்கலானது தொலைவில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா, அது போல. நடைமுறையில் அவ்வளவு சுத்தமாக இல்லை. இரண்டு வெள்ளைக் குள்ளன்கள் மோதியும் வெடிக்கலாம், எல்லையைத் தொடும் முன்பேகூட வெடிக்கலாம். எது எத்தனை பங்கு என்பதில் இன்னும் தகராறு. பிரகாசமானவை மெதுவாக மங்கும் என்ற ஓர் ஒழுங்கு இருப்பதால் திருத்திப் பயன்படுத்துகிறோம்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. ஆராய்ச்சியின் நான்காவது வருடம், இரண்டு இரவுகளின் தரவில் வடிகட்டிக் கண்ணாடியின் பதிவை மாற்றி எழுதிவிட்டேன். என் தப்புதான். பிரகாசத்தில் வெறும் ஐந்து சதவீத வித்தியாசம். அதைக் கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை என் வரைபடத்தில் பிரபஞ்சம் மிக விநோதமாக நடந்துகொண்டிருந்தது. ஆய்வகத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை, ஆனால் "உன் பிரபஞ்சம் இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்று ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1998 முடிவு ஏறக்குறைய கால் பங்கு மங்கல் என்ற வித்தியாசத்தில் நிற்பது, அதனால் தாங்கியது. இப்போது நடக்கும் சண்டையெல்லாம் ஓரிரு சதவீதத்தில். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

வேகமெடுக்க வைப்பதற்கு இருள் ஆற்றல் என்று பெயர் வைத்திருக்கிறோம். பெயர்தான் வைத்திருக்கிறோம். பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் சுமார் 68 சதவீதம் அது, 27 இருள் பொருள் (ஒளி தராது, ஈர்ப்பால் மட்டும் தெரிவது), நமக்குத் தெரிந்த அணுக்களால் ஆனவை 5. அளவில் பார்த்தால் அற்பம்: ஒரு கன மீட்டரில் மூன்று நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் நிறைக்குச் சமமான ஆற்றல். ஆனால் பொருள் விரிய விரிய நீர்த்துப்போகிறது. இது நீர்த்துப்போவதில்லை போலத் தெரிகிறது. வெளி கூடினால் இதுவும் கூடவே கூடுகிறது. 1917-ல் ஐன்ஸ்டைன் தன் சமன்பாட்டில் சேர்த்து, பிறகு வேண்டாம் என்று விட்ட மாறிலி இதற்கு அப்படியே பொருந்துகிறது. அந்த மாறிலி உண்மையிலேயே மாறாததா? பிரபஞ்சத்தின் முடிவு பற்றிய பேச்சு எல்லாம் இந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது.

மாறாதது என்று வைத்துக்கொண்டால் கதை நீளமானது, நிதானமானது. சூரியன் இன்னும் 500 கோடி ஆண்டு எரியும், அதற்கு வெகு முன்பே, 100 கோடி ஆண்டு வாக்கில், கூடிக்கொண்டே போகும் அதன் வெளிச்சத்தில் பூமியின் கடல்கள் தாங்காது. ஆந்திரமீடா நம்மோடு மோதும் என்று 2012-ல் உறுதியாகச் சொன்னார்கள். 2025-ல் வந்த மறுகணக்கு, அடுத்த 1000 கோடி ஆண்டில் அதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புதான் என்கிறது. பக்கத்து வீட்டு விஷயத்திலேயே இந்த நிலைமை என்பதைக் கவனியுங்கள். எப்படியும் நாம், ஆந்திரமீடா, முக்கோண கேலக்ஸி, சில டஜன் குட்டி கேலக்ஸிகள் எல்லாம் ஈர்ப்பால் கட்டுண்ட ஒரே ஊர்க்காரர்கள். மற்ற அனைத்தும் போய்விடும். 10,000 கோடி, 15,000 கோடி ஆண்டுகளில் மற்ற கேலக்ஸிகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஓர் எல்லையைத் தாண்டியிருக்கும். அதன்பின் அவை அனுப்பும் ஒளி நம்மை ஒருபோதும் எட்டாது. அதற்கு முன் கிளம்பிய ஒளி நீண்டு மங்கி, ஒன்றிரண்டு லட்சம் கோடி ஆண்டுகளில் எந்தக் கருவிக்கும் அகப்படாமல் போய்விடும்.

என்னை மிகவும் படுத்துவது இந்தக் கட்டம்தான், அதற்கப்புறம் வரும் இருட்டுகூட இல்லை. 2007-ல் லாரன்ஸ் கிராஸும் ராபர்ட் ஷெரரும் ஒரு கட்டுரையில் இதைச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் ஏதோ ஒரு கோளில் வானியல் படிக்கும் ஒருவர் வானத்தைப் பார்த்தால் தன் ஒரே கேலக்ஸியைத் தவிர எதுவும் தெரியாது. விலகிப் போக எதுவும் மிச்சமில்லாததால், சிவப்புப் பக்கம் நகர்ந்த கோடுகள், அதாவது செம்பெயர்ச்சி, இல்லை. நுண்ணலைப் பின்னணி அலைநீளம் நீண்டு நீண்டு, கேலக்ஸிக்குள் இருக்கும் வாயுவே அதை உள்ளே விடாது. அவர் நன்றாகப் படித்தவர், நேர்மையானவர், கருவிகள் அருமையானவை. எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, பிரபஞ்சம் என்பது வெறுமைக்கு நடுவே ஒரு தீவு, அது அசையாமல் இருக்கிறது என்று எழுதி வைப்பார். நமக்கு அப்படி ஏதேனும் ஏற்கெனவே நழுவிப்போய்விட்டதா என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

அதன்பின் விண்மீன்கள். கஞ்சத்தனமாக எரியும் சின்ன விண்மீன்களான சிவப்புக் குள்ளன்கள் 10 லட்சம் கோடி ஆண்டு வரை தாக்குப்பிடிக்கும். 100 லட்சம் கோடி ஆண்டுக்குள் புது விண்மீன் உருவாக வாயு தீர்ந்துபோய், விளக்குகள் அணைந்துவிடும். வெள்ளைக் குள்ளன்களும் நியூட்ரான் விண்மீன்களும் கருந்துளைகளும் மிஞ்சும். 1974-ல் ஹாக்கிங் சொன்னது சரியென்றால் கருந்துளைகளும் ஆவியாகும்: சூரிய நிறையுள்ள ஒன்றுக்கு 1-க்குப் பின் 67 சுழியம் போட்ட அத்தனை ஆண்டு, மிகப் பெரியவற்றுக்கு 100 சுழியத்தை நெருங்கும். அந்தக் கதிர்வீச்சை விண்வெளியில் இன்னும் யாரும் பார்க்கவில்லை, ஆனால் கணக்கை நம்பாதவர்கள் அரிது. புரோட்டான் தானாகச் சிதையுமா என்பது உண்மையாகவே திறந்த கேள்வி. சிதையும் என்றால் செத்த விண்மீன்களும் கரைந்துவிடும். ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டேயில் 50,000 டன் தண்ணீரைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். ஒன்றும் சிதையவில்லை, ஆகவே ஆயுள் குறைந்தது 34 சுழியம் போட்ட ஆண்டுகள். இந்தத் தேடலுக்கென்றே அமைத்த முதல் சோதனைகளில் ஒன்று நம் பக்கத்தில், கோலார் தங்கவயலில் நடந்தது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளிகள் இறங்கிய அந்தச் சுரங்கத்தில், தரைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, 1980-களில் இரும்புத் தகடுகளை அடுக்கி வைத்துக் காத்திருந்தார்கள். சில நிகழ்வுகளைச் சிதைவாக இருக்கலாம் என்றார்கள். மற்ற இடங்களில் அது உறுதிப்படவில்லை.

இருள் ஆற்றல் மாறாமல் இருக்காமல் காலப்போக்கில் வலுத்தால் இன்னொரு முடிவு: கேலக்ஸி, சூரியக் குடும்பம், கடைசியில் அணு வரை பிய்த்தெறியும் பெருங்கிழிவு. 2003-ல் வந்த கணக்கில் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட ஒரு மதிப்புக்கு 2200 கோடி ஆண்டு வந்தது; அந்த மதிப்பை இன்றைய அளவீடுகள் ஒதுக்கிவிட்டன. பரபரப்புக்கு நல்ல சரக்கு, அதற்கு மேல் நான் இதற்கு நேரம் கொடுப்பதில்லை.

வலுவிழந்தால்? இங்கேதான் மகள் பார்த்த 2000 கோடி வருகிறது. அரிசோனாவின் கிட் பீக் மலையில் 4 மீட்டர் தொலைநோக்கி ஒன்றில் 5000 ரோபோ இழைகளைப் பொருத்தி, டெசி என்ற திட்டத்தில் கேலக்ஸிகளின் முப்பரிமாண வரைபடம் எடுக்கிறார்கள். பிறந்த புதிதில் பிரபஞ்சத்தில் ஓடிய ஒலி அலைகள், கேலக்ஸிகளின் பரவலில் சுமார் 49 கோடி ஒளியாண்டு இடைவெளி என்ற ஒரு தடத்தை விட்டிருக்கின்றன. கோலத்தில் புள்ளி வைத்த இடைவெளி மாதிரி. வெவ்வேறு காலத்தில் அந்த இடைவெளி எவ்வளவு தெரிகிறது என்று பார்த்தால் விரிவின் வரலாறு கிடைக்கும். 2025 மார்ச்சில், 1.4 கோடிக்கு மேற்பட்ட கேலக்ஸிகளையும் குவாசார்களையும் (மிகப் பிரகாசமான கேலக்ஸி மையங்கள்) வைத்து அவர்கள் சொன்னது: நுண்ணலைப் பின்னணியோடும் சூப்பர்நோவாக்களோடும் சேர்த்துப் பார்த்தால், இருள் ஆற்றல் மெல்ல வலுவிழப்பது போலத் தெரிகிறது. எவ்வளவு உறுதி? எந்த சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8-லிருந்து 4.2 சிக்மா வரை. சிக்மா என்பது, ஒரு முடிவு வெறும் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு; எண் கூடக் கூட உறுதி கூடும். எங்கள் துறையில் கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 சிக்மா வேண்டும். 4.2 கொடுத்த தொகுப்பை அதற்குரிய குழுவே மறுபடி சீர்செய்து பார்த்தபோது அது 3.2-க்கு இறங்கியது. என் வடிகட்டிக் கண்ணாடிக் கதையை ஏன் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

இந்தச் சந்தேகமான சரிவை எடுத்துக்கொண்டு, கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஹென்றி டையும் சகாக்களும் ஒரு மாதிரியைப் போட்டார்கள். ஆக்சியான் என்ற, இதுவரை யாரும் காணாத ஒரு துகளும், எதிர்மறை மதிப்புள்ள ஒரு மாறிலியும் சேர்ந்தால் தரவுக்குப் பொருந்துகிறது. அப்படியானால் இன்னும் 1100 கோடி ஆண்டு வாக்கில் விரிவு உச்சம் தொட்டுத் திரும்பி, 2000 கோடி ஆண்டில் சுருங்கி முடியும். கணக்கில் குறை இருப்பதாக நான் சொல்லவில்லை. அது ஒரு 'அப்படியானால்' மேல் இன்னொரு 'அப்படியானால்' ஏறி நிற்கிறது, வீடியோவில் இரண்டுமே விழுந்துவிட்டன. 2025 நவம்பரில் தென்கொரியாவின் யோன்செய் பல்கலைக்கழகக் குழு இன்னும் ஒரு படி மேலே போய், வெடிக்கும் விண்மீன்களின் வயதைத் திருத்திப் பார்த்தால் விரிவு இப்போதே மெதுவாகத் தொடங்கிவிட்டது என்று எழுதியது. சூப்பர்நோவாவில் வேலை செய்கிற பலர் அந்தத் திருத்தத்தின் அளவை ஏற்கவில்லை. எனக்கும் அது மிகையாகப் படுகிறது, ஆனால் கேள்வி நியாயமானது. பல்புகள் எல்லாம் ஒரே வாட்டா என்ற பழைய கேள்விதான் அது.

இன்றைய விரிவு வேகத்திலேயே ஒரு முரண்பாடு இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மெகாபார்செக்குக்கு நொடிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை நுண்ணலைப் பின்னணியிலிருந்து கணக்கிட்டால் 67.4, செஃபீட்களையும் சூப்பர்நோவாக்களையும் ஏணியாக வைத்து ஏறினால் 73. இரண்டு தரப்பும் பிழை ஒரு சதவீதத்தைச் சுற்றித்தான் என்கின்றன. ஒருவரிடம் தப்பு இருக்கலாம், இல்லை நடுவில் நமக்குத் தெரியாத இயற்பியல் இருக்கலாம். அண்டத்தின் முடிவை இது நேரடியாகத் தீர்மானிக்காது, ஆனால் இது தீராதவரை நீட்டிப் போடும் எந்தக் கோட்டின் மீதும் முழு நம்பிக்கை வைக்க முடியாது.

அதனால் "இவர்களுக்கே தெரியாதா?" என்ற கேள்விக்கு, முடிவைப் பொறுத்தவரை ஆமாம், தெரியாது என்று தயங்காமல் சொல்லுங்கள். பந்தயம் கட்டச் சொன்னால் நான் நீண்ட இருட்டின் பக்கம்தான் கட்டுவேன். ஆனால் பத்து வருடத்துக்கு முன் கட்டியிருக்கக்கூடிய தொகையை இன்றைக்குக் கட்டமாட்டேன். டெசியின் மீதித் தரவு வர வேண்டும். சிலியில் 2025-ல் முதல் படங்களைத் தந்த வேரா ரூபின் வானாய்வகம் சூப்பர்நோவாக்களைக் கூடை கூடையாகக் கொட்டப்போகிறது. அந்த 3.2 ஐந்தை நோக்கி ஏறுகிறதா, ஒன்றை நோக்கி இறங்குகிறதா என்று அவள் கல்லூரிக்குப் போவதற்குள் ஓரளவு தெரிந்துவிடும்.

அதுவரை அவளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். கார்த்திகை மாதம், அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், எட்டு மணிக்கு, தெருவிளக்கு இல்லாத இடமாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள். வடக்கே திரும்பி, அடிவானத்திலிருந்து உச்சிக்கு மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் தேடினால் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு மாதிரி மங்கலாகத் தெரியும். சாதாரண பைனாகுலர் இருந்தால் நன்றாகவே தெரியும். ஸ்லைஃபர் 1912-ல் பார்த்த ஆந்திரமீடா அதுதான், அந்த ஒளி கிளம்பி 25 லட்சம் ஆண்டு ஆகிறது. மற்ற எல்லா கேலக்ஸியும் போன பிறகும் நம் வானத்தில் தங்கப்போகிறது அது.